நோயாளிகளுக்கு அனுப்பும் பாதுகாப்பான மின்னஞ்சல் மூலம் உயர் இரத்த அழுத்தம் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு சிறிய மருத்துவமனையை நடத்துகிறார். நோயாளிகள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்று படிக்கும் மின்னஞ்சல் வசதி அங்கே புதிதாக வந்திருக்கிறது. அதன் வழியே மாதம் ஒரு முறை உயர் இரத்த அழுத்தம் பற்றி எல்லோருக்கும் எழுதினால் பயன் இருக்குமா என்பது அவருடைய கேள்வி. இத்தகைய மடல்களை எழுதுவதும் வரும் பதில்களைப் படிப்பதும் செவிலியரான என் அன்றாட வேலைகளில் ஒன்று என்பதால் சொல்கிறேன்: எல்லோருக்கும் ஒரே மடல்தான் என்றால் அதற்கு இந்த வசதி தேவையே இல்லை, காத்திருப்பு அறையில் ஒரு சுவரொட்டி ஒட்டினாலே போதும்.

பூட்டிய பெட்டிக்குள் எழுதுவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், அந்த ஒருவருக்கே உரிய எண்ணை எழுத முடிவதுதான். நாங்கள் முதலில் அனுப்பிய மடல் "உயர் இரத்த அழுத்தம் ஓர் அமைதியான கொலையாளி" என்று தொடங்கி, உப்பு, நடைப்பயிற்சி, தூக்கம் என்று இரண்டு பக்கத்துக்கு நீண்டது. அதைப் படித்துவிட்டு அளவு பார்க்க வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. அடுத்த முறை, கடைசி அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தும் பிறகு ஆறு மாதமாக வராதவர்களை மட்டும் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுத்து, மூன்றே வரிகள் எழுதினோம்: "நீங்கள் கடைசியாக வந்தபோது உங்கள் இரத்த அழுத்தம் 152/94 இருந்தது. அதன் பிறகு அளவு எடுத்ததாக எங்களிடம் பதிவு இல்லை. இந்த வாரம் எந்த நாள் வர முடியும் என்று எழுதுங்கள்." அன்று மாலையே ஒருவர் பதில் எழுதினார்: "நான் முழங்கால் வலிக்காகத்தானே வந்தேன்? தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாதபோது பிரஷர் எப்படி இருக்கும்?"

விழிப்புணர்வு என்று நாம் சொல்வது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைத்தான். உலகில் 30 முதல் 79 வயது வரையிலானவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. அறிகுறி எதுவும் காட்டாத நோயை, அளந்த எண்ணைத் தவிர வேறு எதைக் காட்டிப் புரியவைப்பது?

இரகசியம் காப்பதில் நாங்கள் ஒரு முறை தவறினோம். மடல் பூட்டியிருந்தாலும், "உங்களுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது" என்று சாதாரண மின்னஞ்சலில் போகும் அறிவிப்பு பூட்டப்படுவதில்லை, அதில் தலைப்பும் சேர்ந்து போகும் என்பதை அறியாமல் "உங்கள் பி.பி. மாத்திரை குறித்து" என்று தலைப்பிட்டுவிட்டோம். அலுவலகக் கூட்டத்தில் மேசைமேல் கிடந்த கைபேசித் திரையில் அது ஒளிர்ந்ததையும், பக்கத்தில் இருந்தவர் படித்ததையும் தொலைபேசியில் சொன்ன அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது. இப்போது தலைப்பில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வராது. அம்மாவின் பதிவில் மகனுடைய மின்னஞ்சல் முகவரி இருப்பதும் உண்டு. அனுப்புவதற்கு முன் முகவரி யாருடையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களிடம் ஏழு நாள் அளவுகளைக் கேட்டு வாங்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, சட்டைக் கைமேல் அல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பதை மடலிலேயே எழுதிவிடுங்கள். ஒருவர் ஏழு நாளும் 120/80 என்று அனுப்பியிருந்தார். எந்தக் கருவியும் அப்படிக் காட்டாது. கூப்பிட்டுக் கேட்டபோது, அளவு கூடினால் மாத்திரையைக் கூட்டிவிடுவீர்களோ என்ற பயத்தில் தானே நிரப்பியதாக ஒப்புக்கொண்டார். இரண்டு பக்க மடலால் அந்தப் பயம் வெளியே வந்திருக்காது.

2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்த இடத்தில் பொருந்தும். கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் கொண்ட 778 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதத்தினருக்கு அழுத்தம் கட்டுப்பட்டது; வீட்டுக் கருவியும் இணையவழிச் செய்தி வசதியும் பெற்றவர்களில் அது 36 சதவீதம், புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. அதே வசதிகளோடு, இணையம் வழியாகவே ஒரு மருந்தாளுநரின் தொடர் கவனிப்பும் கிடைத்தவர்களில் 56 சதவீதம். ஆகவே என்ன எழுதலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், வரும் பதில்களை யார், எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பார் என்று முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் மாதத்துக்கு இருபது பேருக்கு மட்டும் அனுப்புங்கள், போதும்.

எவ்வளவு விரைவாகப் படித்தாலும் மின்னஞ்சல் அவசரத்துக்கு உதவாது. அளவு 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பதிலுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற வரி ஒவ்வொரு மடலின் உச்சியிலும் இருக்கட்டும். ஒரு வாரமாகியும் திறக்கப்படாத மடல்களின் பட்டியலை நாங்கள் வெள்ளிக்கிழமை எடுத்துத் தொலைபேசியில் கூப்பிடுகிறோம். முழங்கால் வலிக்காரர் மூன்றாவது மடலுக்குப் பிறகு வந்தார். அன்று அவருக்கு 156/96 இருந்தது.