குதிரை இருந்தால்தான் ஜென்டில்மேன்: கேள்வி பதில்

சார், சிவல்ரி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள். (ஓர் அவசரக்காரர்)

குதிரை. பிரெஞ்சில் 'ஷெவால்' என்றால் குதிரை, அதில் ஏறி உட்கார்ந்தவர் 'ஷெவாலியே'. 1995-இல் பிரெஞ்சு அரசு நம் சிவாஜி கணேசனுக்குக் கொடுத்த செவாலியே பட்டமும் இதே சொல்தான். ஐரோப்பாவில் குதிரைக்காரர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட மரியாதைக்குத்தான் சிவல்ரி என்று பேர். நடந்து போகிறவனுக்கு அதில் பங்கில்லை.

அப்படிச் சொல்லலாமா? போரில் எதிரியைக் கொல்லாமல் விட்டார்களே, அது பெருந்தன்மை இல்லையா?

பெருந்தன்மைதான், ரசீதோடு. பிரபுவைக் கொன்றால் கையில் ஒரு பிணம். உயிரோடு பிடித்தால் மீட்புப்பணம். 1356-இல் புவாத்தியே போரில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். கேட்ட விலை 30 லட்சம் தங்கக் காசு. கொஞ்சம் கட்டிவிட்டு, மீதிக்குப் பிணையாக மகனையும் வேறு சிலரையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். மகன் தப்பி ஓடிவிட்டான். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. தானே கப்பலேறி லண்டனுக்குப் போய் மறுபடி கைதியாக உட்கார்ந்தார், 1364-இல் அங்கேயே செத்தும் போனார். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் இவர்தான். அவருக்காக வரி கட்டிய பிரெஞ்சுக் குடியானவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

காதலிக்காக எதையும் செய்வார்களாமே! எங்க வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைக்கூட நகர்த்த மாட்டார். (ஓர் அக்கா)

அக்கா, அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். 13-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஆஸ்திரியாவில், உல்ரிஷ் ஃபான் லிக்டென்ஸ்டைன் என்று ஒருவர் இருந்தார். ஒரு சீமாட்டி கை கழுவிய தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவர் வாய் பார்க்க நன்றாக இல்லை என்று அவள் சொல்லப்போக, வைத்தியரிடம் போய் உதட்டை அறுத்துச் சரிசெய்துகொண்டார். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. உங்களுக்காகச் சண்டையில் விரலை இழந்தேன் என்று சொல்லி அனுப்பினார். விரல் இருக்கிறதே என்றாள் அவள். உடனே வெட்டி, அதையும் அனுப்பிவைத்தார்!

இதோடு விட்டாரா? 1227-இல் சேலை கட்டாத குறையாக, பெண் உடையில் ஜடை வைத்து, வீனஸ் என்ற காதல் தேவதையாக வேடம் போட்டு ஊர் ஊராகப் போய், குதிரையில் ஈட்டியோடு மோதும் போட்டிகளில் 307 ஈட்டிகளை உடைத்தாராம். நடுவில் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தது யாரை? சொந்த மனைவியை. சீமாட்டி வேறு, சம்சாரம் வேறு. எல்லாம் அவரே தன்னைப் பற்றி எழுதிய கவிதையில் இருப்பதுதான், பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே படியுங்கள்.

இரும்பு ஹெல்மெட்டை எப்படித்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்? (அபராதம் கட்டியவர்)

மாட்டுவது சுலபம், கழற்றுவதுதான் பாடு. 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலக் குதிரை வீரருக்கு ஒரு போட்டியில் பரிசு கொடுக்கத் தேடினால் ஆளைக் காணோம். கொல்லன் பட்டறையில், பட்டடைக்கல் மேல் தலையை வைத்துக் குனிந்திருந்தார். அடி வாங்கிச் சப்பளிந்த ஹெல்மெட்டைக் கொல்லன் நெம்பிக்கொண்டிருந்தான்.

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் கால் நனையாமலிருக்க அவர் அரண்மனைக்காரர் வால்ட்டர் ராலே சேற்றில் மேலங்கியை விரித்தது?

ராலே செத்துப் பல வருஷம் கழித்து எழுதப்பட்ட கதை. அங்கி நனைந்ததற்கு ஆதாரம் இல்லை. 1618-இல் எலிசபெத்துக்கு அடுத்து வந்த ராஜா ராலேயின் தலையை வெட்டியதற்கு நிறைய இருக்கிறது.

ஜென்டில்மேன் வாய்விட்டுச் சிரிக்கலாமா?

கூடாது என்கிறார் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் பிரபு. புன்னகை சரி, சத்தம் கேட்டால் அநாகரிகம். நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதி மகனுக்கு இப்படியே பாடம் எடுத்தார். 1768-இல் மகன் இறந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது, பையன் ரகசியமாகக் கல்யாணம் பண்ணி இரண்டு பிள்ளைகளும் பெற்றிருக்கிறான் என்று. அப்பா போனபின், 1774-இல், கடிதங்களைப் பதிப்பாளரிடம் விற்றுக் காசாக்கியது அந்த மருமகள்தான்.

பையனைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சத்தமில்லாமல்தானே செய்திருக்கிறான்!