பாட்டில், விரல், டயப்பர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் பையனுக்கு 2 வயது 4 மாதம். ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில் பால் குடிக்கிறான். சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறான். பாட்டிலை ஒளித்து வைத்தால் தெருவே கேட்கும்படி அழுகிறான். மாமியார் மனசு கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். – வாசகி, கோவில்பட்டி

சோறு இறங்காததற்கு அடம் காரணமில்லை, பால்தான் காரணம். பாட்டிலுக்கு 200 மி.லி. என்று வைத்தாலும் நாளுக்கு ஒரு லிட்டர் ஆகிறது. இந்த வயதுக்கு 400 முதல் 500 மி.லி. தாராளம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிறோ நிறைந்துவிடும். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை வருவது இப்படித்தான்; மலச்சிக்கலும் கூடவே வரும். முகம் வெளிறியிருந்தாலோ, மண், சுவர்ச் சுண்ணாம்பைத் தின்றாலோ ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஐந்தையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் மதியப் பாட்டில். அந்த நேரத்துக்குச் சோறு, பிறகு தண்ணீர், அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் அது பழகியதும் அடுத்ததை எடுங்கள். காலைப் பாலைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் 50 மி.லி. ஊற்றிக் கொடுங்கள்; முழு டம்ளர் கொடுத்தால் பாதி தரையில்தான் இருக்கும். "டம்ளர்ல குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "மாட்டேன்" என்ற பதில் தயாராக இருக்கும். "பாட்டி டம்ளரா, உன் டம்ளரா?" என்று கேளுங்கள். எதில் குடிப்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும். பாட்டில் உண்டா இல்லையா என்பது உங்கள் முடிவு.

தூங்கும் நேரத்துப் பாட்டில்தான் கடைசி, அதுதான் கடினமும். வாயில் பாட்டிலோடு தூங்கினால் பால் பல்லிலேயே தங்கி, மேல்வரிசை முன்பற்கள் முதலில் சொத்தையாகும். 150 மி.லி. பால், 50 மி.லி. தண்ணீர் என்று தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் வெறும் தண்ணீர்தான் என்று ஆனதும் பல பிள்ளைகள் தாங்களாகவே தள்ளிவிடும். (ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதைச் செய்யவே கூடாது.) ருசிக்கிறதே என்று சர்க்கரை, சத்துமாவுப் பவுடர் எதையும் பாட்டிலில் கலக்காதீர்கள்.

இனி மாமியார் விஷயம். முக்கால் மணி நேரம் அழவிட்டுப் பிறகு பாட்டிலைக் கொடுப்பது, அழுத உடனே கொடுப்பதைவிட மோசம். முக்கால் மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வான். அவரைக் குற்றம் சொல்லாமல், பாட்டிலுக்குப் பதிலாக ஒரு வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்: தூங்கும் நேரத்தில் கதை சொல்வது, முதுகைத் தட்டிக்கொடுப்பது. பேரனை அமைதிப்படுத்தும் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காய்ச்சல், ஊர்ப் பயணம், தம்பி தங்கை பிறந்த நேரம் இவற்றில் தொடங்க வேண்டாம்.

மகளுக்கு நான்கு வயது. இன்னும் விரல் சூப்புகிறாள். வேப்பெண்ணெய் தடவினோம், கழுவிவிட்டுச் சூப்புகிறாள். மிளகாய் தடவச் சொல்கிறார்கள். – வாசகர், ஆம்பூர்

மிளகாய் வேண்டவே வேண்டாம். அந்தக் கை கண்ணுக்குப் போகும். வேப்பெண்ணெயும் ஊட்டிவிடும் பொருளல்ல. சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். விடாதவர்களுக்கு மேல்முன்பற்கள் வெளியே தள்ளும், அண்ணம் குறுகும். நிலைப்பற்கள் 6 வயதையொட்டி முளைக்கத் தொடங்கும். அதற்குள் நிறுத்திவிடுவது நல்லது. இப்போதே ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது சூப்புகிறாள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். டிவி பார்க்கும்போது என்றால் கைக்கு வேலை கொடுங்கள்: பட்டாணி உரிக்க, மாவு உருட்ட. தூங்கும்போது என்றால், அவளிடம் சொல்லி, அவள் சம்மதத்தோடு, கையில் மெல்லிய பருத்திச் சாக்ஸ் மாட்டிவிடுங்கள். "கையை எடு" என்று நாளுக்கு இருபது முறை சொல்வதால் பயனில்லை. விருந்தாளி முன்னால் சொன்னால் வீம்புதான் கூடும்.

மூன்று வயதுப் பையன் சிறுநீருக்கு பாத்ரூம் போகிறான். மலம் வந்தால் மட்டும் டயப்பர் கேட்டு, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு போகிறான். – வாசகி, மதுரை

இது மிகச் சாதாரணம். டயப்பரைத் தரமாட்டேன் என்று மறுத்தால் அடக்க ஆரம்பிப்பான். அடக்கிய மலம் இறுகும், போகும்போது வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவான். அதனால் டயப்பரைக் கொடுங்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் பாத்ரூமுக்குள் நின்று. சில நாள் கழித்து, டயப்பரோடு சிறுவர் மலச்சட்டியில் (potty) உட்கார்ந்து. அப்புறம் டயப்பரைத் தளர்த்தி. கடைசியாக அதன் அடியில் ஓட்டை வெட்டிவிட்டு.

வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் சிறுவர் வளையமும் காலடியில் ஒரு முக்காலியும் அவசியம். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் தானே அசையும். அப்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும், போகாவிட்டால் எழுப்பிவிடுங்கள். மலம் ஏற்கெனவே கெட்டியாக இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பப்பாளி, கீரை, தண்ணீர் என்று முதலில் அதை இளக்குங்கள். ரத்தம் பட்டாலோ, உள்ளாடையில் அடிக்கடி கறை தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இரவு டயப்பரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 5 வயது வரை படுக்கையை நனைப்பது இயல்பு.