போகிமான் போட்டி ஆட்டம்: நூறாவது லெவல் அணியும் ஏன் தோற்கிறது?

கேள்வி: போகிமான் வயலட் ஆட்டத்தின் கதைப் பகுதியை முழுவதும் முடித்துவிட்டேன். என் அணியில் உள்ள ஆறும் நூறாவது லெவலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு வலுவான தாக்குதல்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இணையத்தில் மற்றவர்களோடு ரேங்க்டு டபுள்ஸ் (பக்கத்துக்கு இரண்டு போகிமான்கள் மோதும் தரவரிசை ஆட்டம்) ஆடினால் பத்துக்கு எட்டு ஆட்டங்களில் தோற்கிறேன். எங்கிருந்து கற்கத் தொடங்குவது? எனக்கு மிகவும் பிடித்த அம்ப்ரியானை அணியிலிருந்து எடுத்துவிட்டால்தான் வெல்ல முடியுமா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ரேங்க்டு ஆட்டத்தில் நுழையும் எல்லாப் போகிமான்களும் ஐம்பதாவது லெவலுக்குக் கொண்டுவரப்படுகின்றன. நூறாவது லெவலுக்காக நீங்கள் செலவிட்ட நேரம் அந்த வாசலிலேயே கழிந்துவிடுகிறது. கதைப் பகுதியில் உங்களைக் காப்பாற்றிவந்தது பெரும்பாலும் இந்த லெவல் வேறுபாடுதான். எதிரியைவிடப் பத்து லெவல் மேலே நிற்பவர் எந்தத் தாக்குதலைத் தேர்ந்தெடுத்தாலும் அநேகமாக வென்றுவிடுவார். ஆகவே தேர்ந்தெடுக்கும் திறன் வளர அங்கே வாய்ப்பே கிடைப்பதில்லை. நீங்கள் இனிக் கற்க வேண்டியது அந்தத் திறனைத்தான்.

போகிமான் போரில் இருவரும் தத்தம் முடிவை ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் எடுக்கிறார்கள் என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆடுபுலி ஆட்டத்திலோ சதுரங்கத்திலோ எதிராளி காயை நகர்த்தியதைப் பார்த்த பிறகு நீங்கள் நகர்த்தலாம். இங்கே மூடிய கைகளை ஒன்றாகத் திறப்பதைப் போல இரண்டு முடிவுகளும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. கதையில் வரும் பயிற்சியாளர்கள், தங்கள் போகிமான் பாதகமான நிலையில் இருந்தாலும், பெரும்பாலும் அதை மாற்றாமல் நின்று அடி வாங்குவார்கள். மனிதர் அப்படி நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'எதிரில் இருப்பதை எது அதிகமாகத் தாக்கும்?' என்று மட்டும் கேட்டுப் பழகிய ஒருவர், எதிரில் இருப்பது அடுத்த நொடி அங்கே இருக்காது என்ற சாத்தியத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பலரும் அறிந்த மூன்று போகிமான்களைக் கொண்டு இதை விளக்குகிறேன். டபுள்ஸைச் சற்று ஒதுக்கிவைத்து, உங்கள் சாரிசார்டும் எதிராளியின் வீனுசாரும் தனியாக எதிரெதிரே நிற்பதாகவும், அவரிடம் நீர் வகையான பிளாஸ்டாய்ஸும் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீனுசார் புல் வகை; புல்லை நெருப்பு எரிக்கும் என்பதால் கை தானாக ஃபிளேம்த்ரோயர் பக்கம் போகும். அதன் வலிமை 90. வீனுசார் அங்கேயே நின்றால் இருமடங்காகி 180 ஆகும். ஆனால் உங்கள் எண்ணம் எதிராளிக்கும் தெரியும். அவர் பிளாஸ்டாய்ஸை உள்ளே கொண்டுவந்தால் அதே தாக்குதல் பாதியாகி 45 ஆக விழும். சாரிசார்ட் ஏர் ஸ்லாஷ் என்ற பறக்கும் வகைத் தாக்குதலையும் கற்கக்கூடியது. அதன் வலிமை 75தான் என்றாலும், புல்லுக்கு எதிராக அதுவும் இருமடங்காகி 150 ஆகிறது; பிளாஸ்டாய்ஸ் வந்தாலோ குறையாமல் 75 ஆகவே இறங்குகிறது. சாரிசார்ட் நெருப்பு, பறக்கும் வகை என்ற இரண்டையும் சேர்ந்தது. எனவே தன் வகைத் தாக்குதலுக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கு வலு இரண்டுக்கும் சமமாகவே கிடைக்கும், ஒப்பீடு மாறாது.

வீனுசார் நின்றுவிட்டால் ஏர் ஸ்லாஷில் நீங்கள் இழப்பது 30. அது மாற்றப்பட்டால் நீங்கள் பெறுவதும் 30. எண் ஒன்றுதான், எடை வேறு. 180க்குப் பதில் 150 என்பது ஆறில் ஒரு பங்கு இழப்பு. 45க்குப் பதில் 75 என்பதோ மூன்றில் இரண்டு பங்கு ஆதாயம். ஆகவே எதிராளி என்ன செய்வார் என்று தெரியாத நிலையில் ஏர் ஸ்லாஷே தேறிய முடிவு. எதிராளியின் மனத்தைத் துல்லியமாகப் படித்துவிட வேண்டும் என்பது புதிதாக வருபவர்களின் பெரிய ஆசை. என் கருத்தில், தொடக்கத்தில் அதைவிட மதிப்புள்ள கேள்வி 'அவர் எதைச் செய்தாலும் எனக்கு அதிகம் கெடாத முடிவு எது?' என்பதுதான். இந்த ஆட்டத்தில் டெராஸ்டல் மூலம் ஒரு போரில் ஒருமுறை போகிமானின் வகையையே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இக்கேள்வி இன்னும் முக்கியமாகிறது. வீனுசார் களத்தில் நின்றபடியே நீர் வகையாக மாறினாலும் ஃபிளேம்த்ரோயர் பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் ஓர் இடமும் உண்டு. 180 வலிமை வீனுசாரை ஒரே அடியில் வீழ்த்தி, 150 அதைச் சிறிது உயிரோடு விட்டுவிடுமானால், அந்த ஆறில் ஒரு பங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கலாம். இதை ஊகத்தால் அறிய முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேதக் கணிப்பான்களில் இரு போகிமான்களின் விவரங்களையும் இட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 விழுக்காடு வரையான 16 மதிப்புகளில் ஏதோ ஒன்றாகவே விழும் என்பதால், கணிப்பான் ஒற்றை எண்ணைத் தராமல் ஒரு வீச்சைத் தரும். நீங்கள் அடிக்கடி சந்திக்கும் பத்துப் பதினைந்து மோதல்களுக்கு இந்த வீச்சை மனத்தில் பதித்துக்கொண்டாலே போதும்.

இப்போது டபுள்ஸுக்கு வருவோம். பக்கத்துக்கு இரண்டு போகிமான்கள் நிற்கும் இந்த வடிவத்தில், நான்கு தாக்குதல்களையும் அடிப்பதற்கே ஒதுக்கியது உங்கள் அணியின் முதன்மையான குறை. எதிராளி தன் இரண்டு போகிமான்களையும் கொண்டு உங்களில் ஒன்றைச் சேர்ந்து தாக்குவதே இங்கே வழக்கமான ஆபத்து. அது எதை நோக்கி வரும் என்று உணர்ந்து அந்தச் சுற்றில் மட்டும் அடிபடாமல் காக்கும் புரொடெக்டைப் பயன்படுத்தினால், இரண்டு அடிகளும் வீணாகும். உங்கள் மற்றப் போகிமான் அடிபடாமல் தன் வேலையைச் செய்துவிடும். தொடர்ந்து இரண்டாம் முறை பயன்படுத்தினால் மூன்றில் ஒரு முறைதான் பலிக்கும் என்பதால், எதிராளியும் நீங்கள் அதை எப்போது செலவழிக்கிறீர்கள் என்று காத்திருப்பார். அதேபோல, போட்டிகளில் ஓயாமல் தென்படும் இன்சினரோர் பெரிய அடிகளால் பெயர் பெற்றதன்று. களத்தில் இறங்கியவுடன் இன்டிமிடேட் திறனால் எதிரிகள் இருவரின் தாக்கு வலிமையையும் ஒரு படி குறைப்பதும், ஃபேக் அவுட்டால் ஒருவரின் முதல் சுற்றைப் பறிப்பதுமே அதன் சிறப்பு.

வேகத்தை நீங்கள் தனியாகப் படிக்க வேண்டும். யார் முதலில் அடிப்பது என்பதை ஒரே ஒரு புள்ளி தீர்மானிக்கும். ஐம்பதாவது லெவலில் வேகத்துக்காக முழுமையாகப் பயிற்றுவித்த கார்சோம்ப் 169 வேகத்தை எட்டும். அதே அளவு பயிற்றுவித்த சாரிசார்ட் 167இல் நின்றுவிடும். அந்த இரண்டு புள்ளிகளால், வேறு உதவி இல்லாத ஒவ்வொரு சுற்றிலும் கார்சோம்பே முந்தும். இதை மாற்றும் கருவிகளில் முக்கியமானவை இரண்டு. டெயில்விண்ட் உங்கள் பக்கத்தின் வேகத்தை நான்கு சுற்றுகளுக்கு இருமடங்காக்குகிறது. டிரிக் ரூம் ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானவையே முதலில் அடிக்கும்படி வரிசையைத் தலைகீழாக்குகிறது. இரண்டிலுமே அவற்றைத் தொடங்கும் சுற்றும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெயில்விண்டைத் தொடங்கிய பிறகு உங்களுக்குக் கிடைப்பவை மூன்று முழுச் சுற்றுகளே. எதிராளி புரொடெக்டும் போகிமான் மாற்றமும் செய்து அவற்றையும் கரைக்கப் பார்ப்பார். அவருடைய டெயில்விண்ட் ஓடும்போது நீங்களும் அதையே செய்ய வேண்டும்.

முழுப் பயிற்சி என்று நான் குறிப்பிட்டது முயற்சிப் புள்ளிகளை. ஒரு போகிமானுக்கு மொத்தம் 510 புள்ளிகள், ஒரு பண்புக்கு (வேகம், தாக்கு வலிமை போன்றவை) அதிகபட்சம் 252. கதையில் வழியில் கண்டதையெல்லாம் எதிர்த்துச் சண்டையிட்டதில் உங்கள் போகிமான்களுக்கு இவை சிதறலாகச் சேர்ந்திருக்கும். புதிதாகப் பிடித்த ஒன்றை எடுத்து, கடையில் கிடைக்கும் வைட்டமின்களை ஒரு பண்புக்கு 26 வீதம் இரண்டு பண்புகளுக்குக் கொடுத்தால் தேவையான அளவு நிறைந்துவிடும். எந்தப் பண்பு கூடும், எது குறையும் என்பதைத் தீர்மானிக்கும் இயல்பை மின்ட் என்ற பொருளைக் கொண்டு மாற்றலாம். ஆனால் இதையெல்லாம் இப்போதே செய்ய வேண்டாம் என்பேன். எந்தப் போகிமான் உங்களுக்கு வேண்டும் என்பதே இன்னும் தெரியாத நிலையில் இது வீண் உழைப்பாகும்.

அதற்குப் பதிலாக, நன்கு ஆடுபவர் ஒருவர் பகிர்ந்த வாடகை அணியின் குறியீட்டை விளையாட்டின் பேட்டில் ஸ்டேடியத்தில் இட்டு, அதை இரவல் வாங்கி ஆடுங்கள். அல்லது போகிமான் ஷோடவுன் என்ற இலவச இணையப் பாவனைத் தளத்தில், பயிற்றுவிக்கும் வேலையே இல்லாமல், விரும்பிய அணியை நிமிடங்களில் அமைத்துக்கொள்ளலாம்; அங்கே ஆடிய போரைச் சேமித்துச் சுற்றுச் சுற்றாக மீண்டும் பார்க்க முடியும் என்பது பெரிய வசதி. எதுவாக இருந்தாலும் ஒரே அணியைக் குறைந்தது ஐம்பது ஆட்டங்களுக்கு மாற்றாதீர்கள். தோற்றவுடன் ஒரு போகிமானை மாற்றுபவருக்கு, தவறு அணியிலா தன் முடிவிலா என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எந்தச் சுற்றில் ஆட்டம் கையைவிட்டுப் போனது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் கடைசிப் போகிமான் விழுந்த சுற்றாக இருக்காது; இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் தேவையின்றி ஒன்றைப் பறிகொடுத்த இடமாகவோ, அதற்கும் முன்பு, எதிராளிக்குக் காட்டிய ஆறிலிருந்து களமிறக்கும் நான்கைத் தேர்ந்தெடுத்த இடமாகவோ இருக்கும். அந்தத் தேர்வுக்கு 15 வழிகள் உண்டு. அடிக்கடி சந்திக்கும் அணிகளுக்கு எதிராக எந்த நான்கை, எந்த இரண்டை முன்னால் நிறுத்துவது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது நான் அறிந்தவரை மிக விரைவாகப் பலன் தரும் பழக்கம். அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லத் தோன்றும்போதும் அந்த நோட்டையே எடுங்கள். ஹைட்ரோ பம்ப் நூற்றுக்கு 80 முறைதான் இலக்கை எட்டும். அது தொடர்ந்து இரண்டு முறை எட்டினால்தான் வெற்றி என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கு 64 விழுக்காடு வாய்ப்பே உண்டு. அந்த நிலைக்கு எப்படி வந்தோம், வலிமை குறைந்தாலும் தவறாத சர்ஃப் அங்கே போதுமானதாக இருந்திருக்குமா என்பவைதான் ஆராய வேண்டியவை.

இனி அம்ப்ரியான். பிடித்ததை விட்டுவிட வேண்டியதில்லை. அதற்கு ஏற்ற வேலையைக் கொடுக்க வேண்டும். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் பச்சிரிசு என்ற சிறிய போகிமானை வைத்துக்கொண்டு வென்றார். அதன் அடிப்படைப் பண்புகளின் கூட்டுத்தொகை 405. அவர் அணியிலேயே இருந்த கார்சோம்புக்கோ 600. ஆனால் அதே அணியின் கியாரடோஸ் மின்சாரத்துக்கு நான்கு மடங்கு பலவீனமானது. பச்சிரிசு ஃபாலோ மீ மூலம் எதிரியின் அடிகளைத் தன்பக்கம் திருப்பும். அதன் வோல்ட் அப்சார்ப் திறன், மேலே பாயும் மின்சாரத்தை உடல்நலமாக மாற்றிக்கொள்ளும். அந்த அணிக்கு அந்தச் சிறிய அணிலை விடப் பொருத்தமான துணை எளிதில் கிடைத்திருக்காது.

உங்கள் அம்ப்ரியானின் அடிப்படைத் தாக்கு வலிமை 65, சிறப்புத் தாக்கு வலிமை 60; அதற்கு நான்கு அடிகளைக் கற்றுக்கொடுத்தது அதன் இயல்புக்கு மாறானது. அதன் தற்காப்பு 110, சிறப்புத் தற்காப்பு 130. எளிதில் விழாத அந்த உடலை வைத்து, ஸ்நார்லால் எதிரிகள் இருவரின் சிறப்புத் தாக்கையும் குறைக்கலாம். ஹெல்பிங் ஹேண்டால் பக்கத்தில் நிற்பவரின் அடியை ஒன்றரை மடங்காக்கலாம். எதிரியின் தாக்கு வலிமையையே எடுத்து அவர்மேல் திருப்பும் ஃபவுல் ப்ளேயை வைத்துக்கொண்டால் தன் பலவீனமும் ஒரு பொருட்டாக இராது. நான்காவது இடம் புரொடெக்டுக்கு. திறனை மாற்றும் அபிலிட்டி பேட்ச் என்ற பொருள் கிடைத்தால் இன்னர் ஃபோகஸ் திறனுக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஃபேக் அவுட் அதன் சுற்றைப் பறிக்க முடியாது. ஐம்பது ஆட்டங்கள் முடிந்து, இரவல் அணியின் ஆறில் எதை நீங்கள் மிகக் குறைவாகக் களத்துக்கு அழைத்தீர்கள் என்பது நோட்டில் தெரியும்போது, அந்த ஓர் இடத்தில் அம்ப்ரியானை வைத்து அடுத்த இருபது ஆட்டங்களை ஆடிப் பாருங்கள்.