பாட்டில் மூடி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சோடா, கூல்டிரிங்க்ஸ், தண்ணீர் பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்பவர்கள் நெக் (மூடி ஏறும் பாட்டில் வாய்) அளவு, மூடி எடை, உள்ளே என்ன பானம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "மூடி லீக் ஆகுது, என்ன பண்ணலாம்" என்று ஒற்றை வரியில் கேட்டால் நானும் ஒற்றை வரியில்தான் சொல்ல முடியும்.

கேள்வி (சேலம்): சார், 600 மி.லி. பன்னீர் சோடா போடுறோம். பிசிஓ 1881 (28 மி.மீ. நெக்கின் ஒரு தர அளவு) நெக், ஹெச்டிபிஇ (ஒரு வகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஒன் பீஸ் மூடி. வெயில் ஏறினதும் கடையிலிருந்து திருப்பி அனுப்புறாங்க, கேஸ் இறங்கிடுதாம். கேப்பிங் டார்க்கை (மூடியைத் திருகும் முறுக்கு) 15 இன்ச்-பவுண்டிலிருந்து 22 வரைக்கும் ஏத்திட்டோம். இன்னும் கசியுது. இன்னும் ஏத்தலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். ஏற்றியதையும் இறக்குங்கள்.

ஒன் பீஸ் மூடியை, அதாவது உள்ளே தனி லைனர் இல்லாமல் ஒரே துண்டாக வார்த்த மூடியை, திருப்பிப் பாருங்கள். மேல்தட்டிலிருந்து ஒரு மெல்லிய வளையம் கீழ்நோக்கி இறங்கும். அதுதான் பிளக். அது நெக்கின் உள்சுவரில் போய் உட்கார்ந்து வெளிப்பக்கமாக அழுத்துவதால்தான் கேஸ் நிற்கிறது. அந்த அழுத்தம் பிளக் விட்டத்துக்கும் நெக் உள்விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வருவது. முறுக்கில் வருவது இல்லை. மூடி உட்கார வேண்டிய உயரத்தில் உட்கார்ந்த பிறகு மேலும் முறுக்கினால் மரைதான் இழுபடும், மேல்தட்டு விறைக்கும். வெயிலில் அந்த விறைப்பு தளர்ந்து, மூடியின் தோள்பட்டையில் மயிரிழை விரிசல் விழும். உங்கள் கோடைக் கசிவில் பாதி இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்.

கணக்கையும் பாருங்கள். 4 வால்யூம் கேஸ் (பானத்தின் கன அளவைப் போல நான்கு மடங்கு கேஸ்) உள்ள சோடா 20 டிகிரியில் சுமார் 3.5 பார் அழுத்தம் காட்டும். 40 டிகிரியில் அதுவே சுமார் 6 பார். நெக் உள்விட்டம் 21.7 மி.மீ. என்றால் பரப்பு 3.7 சதுர செ.மீ. ஆக, மூடியை மேலே தள்ளும் விசை 20 கிலோவைத் தாண்டும். மேல்தட்டு குடை மாதிரி உப்பும். பிளக் சரியாக உட்கார்ந்திருந்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே அதை நெக்கோடு சேர்த்து அழுத்திவிடும். கோணலாக உட்கார்ந்திருந்தால் அங்கே வழி கிடைத்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. மெஷினை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு கேப்பிங் தலையிலிருந்தும் வரும் பாட்டிலில் மார்க்கரால் தலை எண்ணைப் போடுங்கள். எல்லாவற்றையும் 40 டிகிரி வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி விடுவதைத் தனியே எடுத்து, மூடியின் உட்புறம் பொடியாக அச்சாகியிருக்கும் கேவிட்டி (மூடியை வார்த்த மோல்டின் குழி) எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். கசிவெல்லாம் ஒரே தலையில் விழுந்தால் அந்தத் தலை சாய்ந்திருக்கிறது, அல்லது அதன் கிளட்ச் போய்விட்டது. ஒரே கேவிட்டி என்றால் மூடி கொடுத்தவரிடம் போங்கள். இரண்டிலும் சிதறிக் கிடந்தால் குற்றவாளி நெக். பெரும்பாலும், பாட்டிலை ஊதும் முன் சூடேற்றும் புளோயிங் ஓவனில் நெக்குக்கும் சூடு பட்டு முட்டை வடிவமாகியிருக்கும். ஊதுவதற்கு முன்னும் பின்னும் உள்விட்டத்தை இரண்டு திசையில் அளந்தால் தெரிந்துவிடும். அப்படியானால் நெக்கை மறைக்கும் தகட்டையும் கூலிங் தண்ணீரையும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெந்நீரிலிருந்து எடுத்த பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓசூர்): கையில 1810 நெக் ப்ரீஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்குற பெட் பிளாஸ்டிக் குழாய்) நிறைய ஸ்டாக் இருக்கு. 1881 மூடி விலை கம்மியா கிடைக்குது. போடலாமா? இரண்டும் 28 மி.மீ. தானே?

பதில்: போடக்கூடாது. மரையின் வெளிவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று, 27.4 மி.மீ. அதனால் கையில் சுற்றினால் ஏறுவது போலத்தான் இருக்கும். ஆனால் 1810-இன் மரை பிட்ச் (அடுத்தடுத்த வரிகளின் இடைவெளி) 3.18 மி.மீ., 1881-இல் 2.7. நெக் உயரம் 1810-இல் 21 மி.மீ., 1881-இல் 17. பாதியில் மரை கடித்துக்கொள்ளும், பிளக் அடியில் போய் உட்காராது, சீல் வளையம் (முதலில் திறக்கும்போது மூடியிலிருந்து அறும் அடி வளையம்) நெக் விளிம்புக்குக் கீழே இறங்காது. தண்ணீர் என்றால் ஒழுகும். சோடா என்றால் மூடி பறக்கும்.

1881 வந்ததே எடையைக் குறைக்கத்தான். நெக்கில் மட்டும் சுமார் 1.3 கிராம் மிச்சம். 5 கிராமுக்கு மேல் இருந்தது 4-க்குக் கீழே வந்தது. ஒரு லட்சம் பாட்டிலுக்கு 130 கிலோ பெட் ரெசின். மூடியிலும் அரை கிராமுக்கு மேல் குறையும். அந்த மிச்சம் வேண்டுமென்றால் முழுதாக மாற வேண்டும். ப்ரீஃபார்ம் மோல்டின் நெக் இன்சர்ட், புளோ மெஷினின் மாண்ட்ரல், கேப்பிங் கப், மூடி இறங்கும் சரிவுப்பாதை (சூட்), சார்ட்டர் எல்லாம் மாறும். சப்போர்ட் ரிங் இரண்டிலும் 33 மி.மீ. என்பதால் பாட்டிலைக் கடத்தும் ஸ்டார்வீல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நெக் 4 மி.மீ. குட்டை. ஃபில்லர் வால்வு உயரத்தைத் திருத்த மறந்துவிட்டு நெக்கை நசுக்குவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அண்ணா, பிளாஸ்டிக் மூடியைக் கண்டுபிடித்தது யார்? செமினாருக்கு வேணும்.

பதில்: தம்பி, ஒரே ஆளைச் சொல்ல முடியாது. 1892-இல் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் தகர கிரவுன் மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் 24 பல், இப்போது 21. பிறகு அலுமினிய ரோல்-ஆன் மூடி. 1973-இல் டூபான்ட் நிறுவனத்தின் நத்தானியேல் வையத் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பெட் நெக்கில் மரையை அச்சிலேயே துல்லியமாக வார்க்க முடிந்ததால், மரையோடு வார்த்த பிளாஸ்டிக் மூடிக்கு வழி பிறந்தது. பிசிஓ என்பதன் விரிவே "பிளாஸ்டிக் குளோஷர் ஒன்லி". அலுமினியத்துக்கு இங்கே இடமில்லை என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கோலி சோடா மூடி பத்தியும் சொல்லுங்க.

பதில்: கோலி அடைக்கும் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட், 1872. அது கண்ணாடிக்காரர் வேலை, அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): மூடி நாங்களே இன்ஜெக்‌ஷன்ல அடிக்கிறோம். வெள்ளையில பிரச்சினை இல்லை. அதே மோல்டு, அதே குருணை, நீலத்துக்கு மாத்தினதும் மூடி டைட்டா போகுது, சீல் வளையம் கேப்பிங்லயே அறுந்துடுது.

பதில்: நல்ல கேள்வி. நீல மாஸ்டர்பேட்சில் (நிறம் சேர்க்கும் குருணை) இருப்பது பெரும்பாலும் தாலோசயனின் நிறமி. அது ஹெச்டிபிஇ படிகமாவதை முடுக்கிவிடும். அதனால் சுருக்கம் கூடும், வளைவும் வரும். பச்சைக்கும் இதே கதைதான். சுருங்கிய வளையம் 28 மி.மீ. நெக் விளிம்பைத் தாண்ட அதிகம் விரிய வேண்டியிருக்கிறது, அதை மூடியோடு இணைக்கும் சின்னப் பாலங்கள் அறுகின்றன. மாஸ்டர்பேட்ச் கொடுப்பவரிடம் குறைந்த வார்ப்பிங் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சதவீதத்தைக் கண்ணளவில் போடாமல் டோசரில் போடுங்கள். கூலிங் நேரத்தைச் சற்று கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: அடித்த மூடியைச் சூட்டோடு அளக்காதீர்கள், லைனுக்கும் அனுப்பாதீர்கள். ஹெச்டிபிஇ வெளியே வந்த பிறகும் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். 24 மணி நேரம் கழித்து அளந்த அளவுதான் அளவு. ஏசி அறையில் குளிர்ந்து விறைத்த மூடியை அப்படியே கேப்பிங்குக்குக் கொடுத்தாலும் வளையம் அறும்.

கேள்வி (ஈரோடு): 1881 மூடியை 1810 பாட்டிலுக்கு கொஞ்சம் டைட்டா போட்டா?

பதில்: ஓசூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தண்ணீர் பாட்டில்ல மெழுகு மாதிரி ஒரு வாடை. தண்ணீர் டெஸ்ட் எல்லாம் பாஸ்.

பதில்: மூடி வழுக்கித் திறக்க ஸ்லிப் சேர்ப்பார்கள். மலிவானது எரூகமைடு. வெயில் பட்டால் அது ஆக்சிகரணமாகி வாடை விடும். சோடாவில், எலுமிச்சையில் தெரியாது, வெறும் தண்ணீரில் தெரிந்துவிடும். தண்ணீர் மூடிக்கு பெஹனமைடு கேளுங்கள். உறுதிசெய்ய, கொதித்து ஆறிய தண்ணீர் உள்ள கண்ணாடி ஜாடியில் பத்து மூடியைப் போட்டுக் கண்ணாடி மூடியால் மூடி, 40 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். பாட்டில் மூடி எதுவும் உள்ளே போடாமல், அதேபோல் மூடிய தண்ணீர் ஜாடி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். வாடை இனிப்பாக, பழவாசனையாக இருந்தால் அது மூடி இல்லை, பெட்டிலிருந்து வரும் அசெட்டால்டிஹைடு.

கேள்வி (ராஜபாளையம்): ஒன் பீஸ், ஒன் பீஸ்னு எல்லாரையும் தள்ளுறீங்க. எங்க மாதிரி செமி ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிறவங்களுக்கு லைனர் (மூடிக்குள்ள வைக்கிற மெத்தைத் தட்டு) போட்ட டூ பீஸ்தான் சார் கைகொடுக்குது. நெக்ல கீறல் இருந்தாலும் லைனர் அடைச்சுக்கும். உங்க பிளக் அடைக்குமா?

பதில்: கீறல் நெக்கின் மேல்விளிம்பில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. மெத்தென்ற லைனர் அதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் லைனர் மேல்விளிம்பில்தான் அழுத்துகிறது, அதனால் முழுக்க முறுக்கை நம்பியது. மூடி உப்பினால் லைனரும் மேலே போகும். நாளாக நாளாக லைனர் அமுங்கிப்போகும். உங்கள் செமி ஆட்டோமேட்டிக்கில் டார்க் ஆளுக்கு ஆள் மாறும். முறுக்கு நிலையில்லாத இடத்தில், முறுக்கை நம்பிய சீல். யோசியுங்கள்.

கேள்வி (கோவை): ராஜபாளையம் சொல்றதுதான் சரி. ஒன் பீஸ்ல கேஸ் மூடி வழியாவே போயிடும். 250 மி.லி. பாட்டில் ரெண்டு மாசத்துல சப்புனு ஆயிடுது.

பதில்: கேஸில் பெரும்பங்கு பாட்டில் சுவர் வழியாகத்தான் போகிறது. சின்ன பாட்டிலில் உள்ளே இருக்கும் அளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சப்பென்று ஆகும். எடை போட்டுப் பாருங்கள். ஒன் பீஸ் இருபது, டூ பீஸ் இருபது, ஒரே நாள் ஃபில்லிங், 0.01 கிராம் தராசு, வாரம் ஒரு எடை. தண்ணீர் ஆவியும் கொஞ்சம் சுவர் வழியே போகும். அதைக் கழிக்க, கேஸ் இல்லாத தண்ணீர் நிரப்பிய பாட்டில்களையும் இரண்டு வகை மூடியிலும் வையுங்கள். வித்தியாசம் மூடியிலா, சுவரிலா என்று தராசு சொல்லும்.

கேள்வி (ராஜபாளையம்): எடை எல்லாம் லேப் உள்ளவங்களுக்கு. மார்க்கெட்ல ரிட்டர்ன் வரலைன்னா அதுதான் டெஸ்ட்.

பதில்: ரிட்டர்ன் வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் ஐயா, அதில் உங்கள் ஊரில் சரக்கு இரண்டே வாரத்தில் விற்றுப்போவதும் ஒன்று. டூ பீஸ் உங்களுக்கு ஓடுகிறது என்றால் ஓட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: லைனர் எந்த பிளாஸ்டிக், பிவிசியா, ஈவிஏவா? மறுசுழற்சியில் நொறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போடுவார்கள். மூடியின் ஹெச்டிபிஇயும் பிபியும் (பாலிப்ரொப்பிலீன்) மிதக்கும், பெட் மூழ்கும். ஈவிஏ மிதந்து மூடியோடு போய்விடும். பிவிசி பெட்டோடு மூழ்கி, உருக்கும்போது முழு லாட்டையும் கருக்கிவிடும்.

கேள்வி (கோவை): அப்ப ஈவிஏ லைனர்னா டூ பீஸ் ஓகேன்னு ஒத்துக்கிறீங்க?

பதில்: குறைந்த வேகம், பழைய நெக், சீக்கிரம் விற்கும் சரக்கு என்றால் ஓகே. மணிக்கு இருபதாயிரம் பாட்டில் ஓடும் லைனில், ஆறு மாதம் நிற்க வேண்டிய சரக்கில் இல்லை. இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (பாரிஸ்): இங்க எல்லா பாட்டில்லயும் மூடி கழட்ட முடியாம ஒட்டிக்கிட்டே இருக்கு. குடிக்கும்போது மூக்குல இடிக்குது. இது எதுக்கு?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/904 உத்தரவு. 3 லிட்டர் வரையான ஒருமுறைப் பான பாட்டில்களில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது 2024 ஜூலை 3 முதல் கட்டாயம். கடற்கரையில் மூடி தனியாகச் சிதறுவதைத் தடுக்க. வேலை நடப்பது ஸ்லிட்டிங் கத்தியில்: சீல் வளையத்தைச் சுற்றிலும் வெட்டாமல், ஓரிடத்தில் இரண்டு பட்டையை விட்டுவிடுகிறார்கள், அது கீல் ஆகிறது. மூடியைப் பின்னால் முழுதாக மடக்குங்கள், ஒரு கிளிக்கில் நின்றுகொள்ளும், மூக்கில் இடிக்காது. திரும்ப மூடும்போதுதான் தொல்லை. கீல் ஒரு பக்கம் இழுப்பதால் மரை கோணலாகப் பிடிக்கும். மூடியை முதலில் இடப்பக்கம் கால் சுற்று சுற்றி, மரை விழுவதை உணர்ந்த பின் வலப்பக்கம் திருகுங்கள்.

கேள்வி (நாமக்கல்): மரையில நடுநடுவே வெட்டு இருக்கே, மோல்டு குறையா?

பதில்: இல்லை. கேஸ் வெளியேற வழி. மரை முழுதாக விடும் முன் கேஸ் அந்த வெட்டு வழியே இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடி குண்டு மாதிரி பாயும். அதனால்தான் பாகு காய்ந்து அந்த வெட்டுகள் அடைபடக்கூடாது. நிரப்பியதும் நெக்கைத் தண்ணீர் ஜெட்டால் கழுவுங்கள். வெயிலில் இருந்த சோடாவை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், திறக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): மாம்பழ ஜூஸ் சூடா நிரப்பலாமா, 1881-ல?

பதில்: 85 டிகிரியில் சாதாரண பெட் நெக் சுருண்டுவிடும். சூட்டில் நிரப்ப சூடு தாங்கும் நெக், பெரும்பாலும் வெள்ளையாகப் படிகமாக்கிய 38 மி.மீ. நெக், அதற்கான மூடி வேண்டும். நிரப்பியதும் பாட்டிலைச் சாய்த்து, சூடான ஜூஸ் மூடியின் உட்புறத்தைத் தொடவிட வேண்டும்.

கேள்வி (கரூர்): லீக் ஆகுது, டார்க் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: மூடி கொடுத்தவர் தாளில் உள்ள அளவு. மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): 20 லிட்டர் கேன் மூடி திருகு மூடி இல்லையே, அதுல கசிவு ஏன்?

பதில்: அது எல்டிபிஇ (வளையும் பாலிஎத்திலீன்), அமுக்கிப் பூட்டும் மூடி. மரை இல்லை, முறுக்கும் இல்லை. திரும்பத் திரும்ப ஓடும் கேனின் வாய் விளிம்பு தேய்ந்து, பல் விழுந்து போவதுதான் முதல் காரணம். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள், சொரசொரப்பு பட்டால் அந்தக் கேனை ஓரங்கட்டுங்கள். அடுத்தது, கிழித்த மூடியையே மறுபடி அமுக்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது. கிழிந்த பட்டையில்தான் பிடிமானம் இருந்தது. அது போனபின் எந்த ஸ்டிக்கரும் தண்ணீரைப் பிடித்து நிறுத்தாது.