பிழைப்புக்காகவா, அரசு தோற்றதாலா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

புலம்பெயர்வு குறித்த உங்கள் கட்டுரையில் அரசியல் நிலையின்மையையே முதற்காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். போர் நடக்கும் நாடுகளைப் பொறுத்தவரை அது சரி. மற்ற நாடுகளிலிருந்து மக்கள் நல்ல சம்பளத்துக்காகத்தானே போகிறார்கள்? அதை அரசின் தலையில் கட்டுவது நியாயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. ஆனால் வாங்கிய சம்பளம் ஏன் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உலகிலேயே மிகுதியான எண்ணெய் இருப்புள்ளதாகக் கணக்கிடப்படும் வெனிசுவேலா, கடந்த நூற்றாண்டில் கொலம்பியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இடம் கொடுத்த நாடு. இன்றோ அங்கிருந்து 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறியிருக்கிறார்கள். 2014-இல் எண்ணெய் விலை சரிந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தச் சரிவில் எண்ணெயை நம்பிய வேறு நாடுகளும்தான் அடிபட்டன, அங்கெல்லாம் மக்கள் இப்படிக் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிவிடவில்லை. வெனிசுவேலாவிலோ விலை சரிவதற்கு வெகு முன்பே, 2002-03 வேலைநிறுத்தத்தை அடுத்து, அரசு எண்ணெய் நிறுவனத்தின் அனுபவமிக்க ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டிருந்தார்கள். பின்னர் வரவில் விழுந்த பள்ளத்தை நோட்டு அச்சடித்து நிரப்பினார்கள். 2015 தேர்தலில் எதிர்க்கட்சிகள் வென்ற நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை 2017-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொள்ள முயன்றது. பணம் மதிப்பிழந்துகொண்டே போனதால், 2008, 2018, 2021 ஆகிய மூன்று முறைகளிலும் சேர்த்து நாணயத்திலிருந்து 14 சுழியங்கள் நீக்கப்பட்டன. சேமிப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பொருளில்லாத, வாக்களித்தும் எதையும் மாற்ற முடியாத இடத்தில், வேறு நாட்டில் கிடைக்கும் சம்பளத்தைத் தேடுவதே அரசியலின் விளைவுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் வெளியேறியவர்கள் பரம ஏழைகள் அல்லர். விமானச் சீட்டு வாங்க முடிந்தவர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள். அவர்கள் இல்லாமல் மருத்துவமனைகளும் மின்நிலையங்களும் மேலும் நலிந்தன. அந்த நலிவே அடுத்தடுத்த அலைகளைத் தள்ளியது. பின்னால் வந்தவர்கள் ஆண்டிஸ் மலைப்பாதைகளில் கால்நடையாகவே போனார்கள். (வறுமை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?)

உங்கள் கேள்வியில் உள்ள பிரிவினை சட்டத்திலும் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றுக்காகத் துன்புறுத்தப்படும் அச்சத்தையே கணக்கில் கொள்கிறது. சம்பளம் காற்றில் கரைந்துபோன ஒரு செவிலியர், தன்னைத் துன்புறுத்தியவர் இன்னார் என்று யாரைக் காட்டுவார்? இலத்தீன் அமெரிக்க நாடுகளின் அரசுப் பிரதிநிதிகளும் சட்ட வல்லுநர்களும் 1984-இல் ஏற்ற கார்த்தஹேனா பிரகடனம், பொது ஒழுங்கு கடுமையாகக் குலைந்த சூழலிலிருந்து தப்பி வருவோரையும் அகதிகள் என்றது. அந்தப் பிரகடனத்தின் வழிவந்த தன் சட்டத்தைக் கொண்டு பிரேசில் 2019-இல் வெனிசுவேலர்கள் பல்லாயிரம் பேரை அகதிகளாக ஏற்றது. கொலம்பியா 2021-இல் அவர்களுக்குப் பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தபோது, பிழைப்புக்காக வந்தீர்களா, பயந்து வந்தீர்களா என்று பிரித்துப் பார்க்கவில்லை.