108 வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: காசிமேட்டில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் திடீரென்று சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கொர்கொர்ரென்று மூச்சு இழுத்ததால் உயிர் இருக்கிறது என்று நம்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம், வழியிலேயே போய்விட்டார். 108 வரும்வரை காத்திருந்திருந்தால் பிழைத்திருப்பாரா, டாக்டர்?
– வாசகி, காசிமேடு

பதில்: பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய உங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காத்திருப்பதா, கிளம்புவதா என்பதைவிட, அந்த நேரத்தில் அவருடைய நெஞ்சை யாராவது அழுத்தினார்களா என்பதுதான் முக்கியம்.

நீங்கள் கேட்ட இழுப்பு உண்மையான சுவாசம் அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வாய் திறந்து மூடும், குறட்டைபோலச் சத்தம் வரும். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் மிகப் பலர். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், நாடி பிடித்துப் பார்த்து நேரம் கடத்தாமல், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். இன்னொருவர் விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாத்தி, பக்கத்தில் மண்டியிட்டு, நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 செ.மீ.யாவது அமுங்க வேண்டும், 6 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் மீண்டும் ரத்தம் நிரம்பும். கை ஓய்ந்துவிடும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தக் கூடாது. பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். ஆனால் கடலில் மூழ்கியவருக்கு ஊதுவதும் அவசியம். மீனவக் குடும்பங்கள் அதை முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது.

ஓடும் ஆட்டோவில் இதைச் சரியாகச் செய்யவே முடியாது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி மாட்டிக்கொண்டால், நெஞ்சழுத்தமும், இதயத்துடிப்பை மீட்கக் கருவியால் கொடுக்கும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். ஆகவே விழுந்த இடத்திலேயே தொடங்கி, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை அழுத்துங்கள்.

நெஞ்சு வலிக்கிறது என்று நினைவோடு பேசுகிறவரின் நிலை வேறு. அவருடைய நெஞ்சை அழுத்தக் கூடாது. நடக்கவிடாமல் உட்கார வைத்து, 108-ஐ அழைத்து, ஸ்டான்லி போல இதயச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும்.