52-ஐ முதலில் அழியுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்து தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ரப்பர் வெட்டு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன ஜனவரியில் அவள்தான் என் போனில், வாசிக்கிற புத்தகத்துக்குக் கணக்கு வைக்கிற குட்ரீட்ஸ் செயலியைப் போட்டு, ‘வாரத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு 52’ என்று இலக்கு வைத்துத் தந்தாள். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு 25 நிமிஷம் போல வாசிப்பேன். விடியுமுன்னே எழும்பி இவருக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால் சில நாள் இரண்டு பக்கத்திலேயே கண் சொக்கிவிடும். நாலு மணிக்கு இவர் வெட்டுக்குப் போன பிறகு தூக்கமும் வராது, எழும்பவும் மனசு வராது. போனை நோண்டிக்கொண்டு கிடப்பேன்.

இப்போது டிசம்பர். முடித்தது 14. குட்ரீட்ஸைத் திறந்தாலே ‘34 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்று காட்டுகிறது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலை ஜூன் மாதம் ஆசையாகத் தொடங்கினேன். 200 பக்கம் தாண்டியதும், இப்படியே போனால் எண்ணிக்கை ஏறாது என்று எடுத்து வைத்துவிட்டுச் சின்னச் சின்னப் புத்தகமாக வாசித்தேன். அதில் பாதி இப்போது ஞாபகம் இல்லை. மாமியார் வேறு, ‘இவ எந்தப் பரீச்சைக்குப் படிக்கா?’ என்கிறார்.

புது வருஷத்துக்கு எத்தனை வைக்கலாம்? முன்பு வாசித்ததைத் திரும்ப வாசித்தால் கணக்கில் சேருமா? போனில் கதை கேட்பது சேருமா? ஜனவரியில் மகள் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறாள். 2,000 ரூபாய் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என்ன வாங்கச் சொல்ல?

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எத்தனை வைக்கலாம் என்று கேட்டீர்கள். 1 என்று வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குட்ரீட்ஸில் அந்த எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒன்று என்று போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஜனவரி பிறந்ததும் 1 என்று போட்டுவிடுங்கள். முதல் புத்தகத்தை முடித்ததும் உங்களைப் பாராட்டிவிட்டு அது வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் நீங்களாச்சு, உங்கள் புத்தகமாச்சு.

நீங்கள் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு கடிதம் எழுதியிருப்பதால் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் வாசிக்க 2 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (கடிகாரத்தைப் பார்த்துப் பத்துப் பக்கம் வாசித்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.) 25 நிமிஷத்துக்கு 12 பக்கம். காய்ச்சல், விருந்தாளி, கோயில் கொடை, கல்யாண வீடு என்று 65 நாளைத் தள்ளிவிட்டால் மிச்சம் 300 நாள். 300 நாளுக்கு 3,600 பக்கம். 52 புத்தகம், ஒன்றுக்கு 200 பக்கம் என்றால் 10,400 பக்கம். அதை 300 நாளில் முடிக்க தினமும் 35 பக்கம், அதாவது ஒரு மணி பத்து நிமிஷம் வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இல்லை. மகளிடம் இருந்திருக்கும், தன் நேரத்தை மனசில் வைத்து உங்களுக்கு இலக்கு வைத்துவிட்டாள். நீங்கள் முடித்த 14-க்கும் இதே 200 பக்கக் கணக்கைப் போட்டால் 2,800. முக்கால் பங்குக்கு மேல் எட்டியிருக்கிறீர்கள், அதுவும் கண் சொக்குகிற வேளையில்.

ஆகவே 14 பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வருத்தம் அந்த ஒரு நாவலைப் பற்றித்தான். ஆசையாக எடுத்த புத்தகம், 200 பக்கம் தாண்டியும் அலுக்காத புத்தகம். அதை மூடி வைத்துவிட்டு, நாலு மாதம் கழித்துப் பெயர்கூட நினைவுக்கு வராத எதை எதையோ வாசித்திருக்கிறீர்கள். ஒரு செயலிக்குக் கணக்குக் காட்டத்தானே? அதுவும் அந்தச் செயலிக்குத் தடிப்புத்தகமும் ஒன்று, நாற்பது பக்கப் புத்தகமும் ஒன்று. பிடிக்காத புத்தகத்தை 50 பக்கத்தோடு மூடி வையுங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பிடித்த புத்தகத்தைப் பாதியில் மூட வைக்கிற இலக்கை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

அந்த நாவல் 1998-இல் வந்தது. 1930-களின் கடைசியில் கோட்டயத்தில் நடக்கிறது. அவசரம் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போகிற எழுத்து இல்லை. வீடு, வாசல், பேச்சு, மனஸ்தாபம் என்று நின்று நின்று போகும். உங்களுக்கு இன்னும் நானூறு பக்கம் போல இருக்கும். தினம் 12 பக்கம் என்றால் 34 நாள். புது வருஷத்தின் அந்த ஒரே ஒரு புத்தகம் இதுவாகவே இருக்கட்டும். ஆறு மாதம் ஆகிவிட்டது, ஆள் பெயரெல்லாம் மறந்திருக்கும் என்றால் கடைசியாக வாசித்த முப்பது நாற்பது பக்கத்தை ஒருமுறை புரட்டிவிட்டுத் தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று வீம்பு பிடிக்க வேண்டாம். அப்படி ஆரம்பித்தால் மறுபடி அதே 200-இல் போய்த்தான் நிற்பீர்கள்.

எப்போது வாசிப்பது? ஆண்டு இலக்கு வைக்கிறவர்கள் 12 மாதமும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தையல் கடைக்காரருக்கு அப்படியா இருக்கிறது? இந்த டிசம்பரில் உங்கள் மிஷினுக்குப் பக்கத்தில் எத்தனை துணிப்பை குவிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்திநாலாம் தேதி ராத்திரிகூட ‘ஒரு ஹூக்கு மட்டும்’ என்று யாராவது வந்து நிற்பார்கள். இந்த மாதம் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். தொடவில்லையே என்ற குற்ற உணர்வும் வேண்டாம். தையில் கல்யாண பிளவுஸ், மே, ஜூனில் பள்ளி யூனிபார்ம், ஆவணியில் மறுபடி கல்யாணத்தோடு ஓணத் துணியும் சேர்ந்துகொள்ளும். நடுவில் உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது லெந்து நாளில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில். அந்த நாற்பது நாளும் சபைக்காரர்கள் கல்யாணம் வைப்பதில்லை. உங்கள் பக்கத்தில் அது கடைக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 34 நாள் வேலைக்கு லெந்து தாராளம். யூனிபார்ம் காலத்தில் நாவல் எடுக்காதீர்கள், சிறுகதை போதும். ஒரு உட்காரலில் முடிந்துவிடும். மறுநாள் விட்டுப் போனாலும் இழை அறாது.

அப்புறம் அந்த விடியற்காலை. தூக்கமும் வராது, எழும்பவும் மனசு வராது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வாசித்த வரி அதுதான். நாலு மணிக்கு வீட்டுக்காரர் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன பிறகு வீட்டில் உங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்? நாள் முழுக்க உழைத்துக் களைத்த கண்ணுக்கு ராத்திரி புத்தகத்தைக் காட்டுகிறீர்கள், தெளிந்த கண்ணுக்குப் போனைக் காட்டுகிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அவருக்குப் போட்ட சாயாவில் உங்களுக்கும் அரை கிளாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது இந்த ஏற்பாடு கெடும். அவர் வீட்டில் இருப்பார், நாலு மணி என்பதே இருக்காது. பரவாயில்லை, ஏறக்குறைய அதே சமயத்தில் கடையும் ஓய்ந்துவிடும், மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அடைமழைக் காலத்திலும் இதே பாடுதான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வருஷத்தில் இரண்டு தடவை இப்படி மாற்ற வேண்டி வரும்.

வாசித்தது மறந்துபோகிறது என்கிறீர்களே, அதற்குச் செயலி வேண்டாம். பிளவுஸ் அளவு எழுதுகிற நோட்டு இருக்கும் இல்லையா, அதைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். தேதி, புத்தகம், எந்தப் பக்கம்வரை, மனசில் நின்றது ஒரு வரி. ‘பிடித்திருந்தது’ என்று எழுதாதீர்கள். யார் என்ன செய்தார், யார் என்ன சொன்னார், அதை எழுதுங்கள். ஒரு வரிகூட எழுத வராத புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்.

திரும்ப வாசிப்பது சேருமா? சேரும். நானாக இருந்தால் இரண்டாகச் சேர்ப்பேன்.

போனில் கதை கேட்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஹெம்மிங் அடிக்கும்போது, ஹூக்கு வைக்கும்போது, காஜா எடுக்கும்போது தாராளமாகக் கேளுங்கள். கை தன்னால் ஓடும், காது சும்மாதானே இருக்கிறது. கட்டிங் செய்யும்போது மட்டும் வேண்டாம். யாருடைய பட்டுத்துணியோ பாழாகி, பழி இலக்கியத்தின் மேல் வந்து விழும்.

மாமியார் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது. ‘எந்தப் பரீச்சைக்கு’ என்பது பாதி கேலி, பாதி ‘என்னோடு பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே’ என்கிற குறை. நான் பார்த்த பல வீடுகளில் அப்படித்தான். ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலை எடுத்து, ஒரு சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 1964-இல் வந்த சிறிய நாவல். பனங்காட்டு ஊர், ஒரு பழைய வீடு, பனையேறுகிற இளைஞனை விரும்பும் லிஸி என்ற பெண். பேச்சு அத்தனையும் நம் பக்கத்துப் பேச்சு. வில்லுப்பாட்டை விடிய விடிய இருந்து கேட்டு வளர்ந்த தலைமுறை அது, கதை கேட்பதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். ‘அப்பிடி இல்ல பிள்ள, நான் சொல்லுகேன் கேளு’ என்று அவர் நடுவில் பேச ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு வாசிப்பு அவ்வளவுதான்.

புத்தகக் காட்சிக்கு வருகிறேன். பெரிய நாவல் முடிந்த பிறகு வருஷம் முழுக்க நம் மாவட்டத்துக்குள்ளேயே வாசியுங்களேன். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ‘புத்தம் வீடு’ 1964, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966, நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968. ஐந்து வருஷத்துக்குள் இந்தச் சின்ன மாவட்டத்தைப் பற்றி மூன்று நாவல். ஒன்று பனங்காடு, ஒன்று நாகர்கோவில் போன்ற ஒரு டவுனின் முச்சந்தி, ஒன்று இரணியல் செட்டியார் வீடுகள். மூன்றிலும் பேச்சு ஒன்றுபோல இருக்காது. மார்த்தாண்டத்திலிருந்து இரணியலுக்குள் பேச்சு எப்படி மாறுகிறது என்று உங்கள் காதுக்குத் தெரியும், சென்னை வாசகருக்குத் தெரியாது. பிறகு 1988-இல் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. தேங்காப்பட்டணம் உங்களுக்குப் பஸ் ஏறினால் போகிற தூரம்தான். அங்கத்திய முஸ்லிம்களின் பேச்சு முதல் சில பக்கம் தடுக்கும், வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும். இந்த நாலும் ஒரு வருஷத்தில் முடியவில்லை என்றால் குடி ஒன்றும் முழுகிப்போகாது. புளியமரத்தில் தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே வாசிக்கலாம்.

2,000 ரூபாயை அப்படியே மகளிடம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பக்கத்துக் கிளை நூலகத்தில் போய் இந்த நாலில் எது எது இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிற ஆள் நீங்கள். உறுப்பினர் ஆக ஆகிற செலவு ஒரு பிளவுஸ் தையல்கூலிகூட வராது. அங்கே இல்லாததை மட்டும் வாங்கலாம். அதையும் சென்னையிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. சுந்தர ராமசாமியின் நூல்களை வெளியிடும் காலச்சுவடு நாகர்கோவிலில்தான் இருக்கிறது. சென்னைக் காட்சியில் வழக்கமாகக் கிடைப்பது 10 சதவீதத் தள்ளுபடி. அதற்காக மூட்டை கட்ட வேண்டாம். மகள் கையில் 500 ரூபாய் கொடுத்து, ‘உனக்குப் பிடித்ததில் ஒன்று எனக்கு வாங்கி வா’ என்று சொல்லுங்கள். அவள் எதை எடுத்து வருகிறாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். லெந்து முடிந்த பிறகு போதும்.